மூடியில் ஒட்டிய முடி

டீச்சருக்குச் சந்தேகம் என்பது நேற்று வந்த வியாதி அல்ல. பரீட்சை அறையில் காவல் நின்று நின்று, கண் தானாகவே மேசைக்கு அடியில் போகும். எந்த மாணவியாவது தலையைச் சொறிந்தால்கூட, உள்ளங்கையில் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்காமல் விடமாட்டாள். அந்தக் கண்ணைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்திருக்கலாம். நுழையவில்லை.

மகளுக்குப் பதினான்கு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அன்று முதல் காலையும் மாலையும் ஊசி. முதலில் அழுதாள், பிறகு பழகிவிட்டாள், இப்போது பல் தேய்ப்பதுபோலத் தானே போட்டுக்கொள்கிறாள்.

டீச்சருக்கு இதெல்லாம் தெரியாத விஷயமா? உயிரியல் டீச்சர் ஆயிற்றே. வருடாவருடம் கரும்பலகையில் ஒரு செல்லை வரைவாள். அதன் சவ்வில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக ஏற்பிகளை வரைவாள். ரத்தத்தில் மிதந்து வரும் இன்சுலின் ஒரு சேதி. அது அந்தக் கிண்ணத்தில் வடிவம் பொருந்தி உட்கார்ந்தால்தான் செல்லுக்குள் சேதி போகும், சர்க்கரைக்கு வழி திறக்கும். சேதி போய்ச் சேராவிட்டால் வெளியே சர்க்கரை ஆறாக ஓடும், உள்ளே செல் பட்டினி கிடக்கும். "செல்லுக்குக் காது கிடையாது, அதோட தோல்தான் காது" என்று அவள் சொல்லும்போது கடைசி பெஞ்சுகூடக் கொட்டாவி விடாது.

ஆரம்பித்தது ஒரு சாதாரணச் சளியில். வாலு இரண்டு நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள், மூன்றாம் நாள் காலையில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சளி பிடித்தால் ஏறும் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். டீச்சருக்கு அது ஞாபகம் வரவில்லை. முந்தின நாள் எதிர்வீட்டில் நடந்த பிறந்தநாள்தான் ஞாபகம் வந்தது.

"அங்க என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா."

அதை அவ்வளவு சட்டென்று சொன்னதுதான் தப்பாகிப் போனது. யோசித்துச் சொல்லியிருந்தாலும் தப்பாகத்தான் ஆகியிருக்கும்.

வாலுவின் அப்பா தையல்காரர். மகள் முகம் வாடினால் கத்தரியைக் கீழே வைத்துவிடுகிற ஆள். இவர் கூட்டுக்களவாணியாக இருக்கலாம் என்று டீச்சர் அவருடைய சட்டைப் பையையும் துழாவினாள். நூல்கண்டும் இரண்டு பொத்தான்களும் கிடைத்தன. அதனால் மனுஷர் யோக்கியர் என்று ஆகிவிடுமா? கடையில் வைத்தே கொடுத்திருக்கலாமே.

ஆகவே டீச்சர் ஒரு பொறி வைத்தாள். சாக்லேட் டப்பா ஒன்றை வாங்கி வந்து, தன் தலைமுடி ஒன்றை எடுத்து, மூடிக்கும் டப்பாவுக்கும் குறுக்கே பசை தொட்டு ஒட்டினாள். திறந்தால் முடி பிய்ந்துவிடும். டப்பாவை ஃப்ரிட்ஜ் கதவின் மேல்தட்டில், திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். அதுவரை அந்த இடத்தில் இருந்தது இன்சுலின் குப்பி. அதை எடுத்து உள்ளே, ஐஸ் பெட்டிக்குக் கீழே, பின்சுவரை ஒட்டித் தள்ளினாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அன்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை அடுப்படியில் கை வேலையாக இருந்தபோது வாலு கூப்பிட்டாள்.

"அம்மா, மருந்து கட்டியா இருக்கு. ஐஸ் மாதிரி."

அந்த மருந்தை ஊசியில் ஏற்றுமுன் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்குவது வழக்கம். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கையில வச்சு உருட்டு, சரியாயிடும். ஊசிக்கு டிமிக்கி குடுக்க ஒரு சாக்கு வேணும் உனக்கு."

வாலு உருட்டினாள். கரைந்தது. போட்டுக்கொண்டு, குப்பியை அம்மா வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

அதற்குப் பிறகு சர்க்கரை இறங்கவே இல்லை. சளி போயிற்று, சர்க்கரை போகவில்லை. வாலு குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், பாதி வகுப்பில் எழுந்து கழிப்பறைக்கு ஓடினாள், கழுத்தெலும்பு தெரிய இளைத்தாள். டீச்சர் தினமும் முடியைப் பார்த்தாள். ஒட்டியபடியே இருந்தது. அவள் மனம் ஆறியதா என்றால் அதுதான் இல்லை. கள்ளி பொறியைக் கண்டுபிடித்துவிட்டாள், வேறெங்கோ கைவரிசை காட்டுகிறாள் என்றுதான் தோன்றியது. பள்ளிப் பையைக் கவிழ்த்தாள், தலையணை உறையைக் கழற்றினாள், குப்பைத் தொட்டியைக் கிளறினாள். எதுவும் கிடைக்கவில்லை. எவ்வளவு பக்காவாக மறைக்கிறாள் என்பதற்கு அதையே சாட்சியாக வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாலு வாந்தி எடுத்துவிட்டுக் கட்டிலில் சுருண்டு படுத்தாள். போர்வையைச் சரிசெய்யக் குனிந்த டீச்சரின் மூக்கில் அது பட்டது. மகளின் மூச்சில் பழவாசனை. கனிந்து, கொஞ்சம் அழுகத் தொடங்கிய பழத்தின் தித்திப்பு வாசனை.

"பழமிட்டாய் தின்னிருக்க. இப்பவாவது உண்மையைச் சொல்லு."

வாலு கண்ணை மூடிக்கொண்டாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஆமா. ஃப்ரிட்ஜ்ல இருந்த சாக்லேட்டை எடுத்துத் தின்னேன். போதுமா?"

டீச்சருக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்ல நாக்கூசுகிறது. சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் தன்னைச் சந்தேகப் பிராணி என்று சொன்ன கணவரைக் கூப்பிட்டு, "கேட்டீங்கல்ல?" என்றாள். கையோடு கையாக ஆதாரத்தையும் காட்டிவிட ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

முடி அறுபடவில்லை.

பசை காய்ந்து, மூடியின் குறுக்கே, அவள் ஒட்டிய அதே வளைவில் இருந்தது. டப்பாவைக் கையில் வைத்தபடி நின்றாள். திருடாதவள் எதற்குத் திருடினேன் என்கிறாள்? இதுதான் பொய் என்றால், இத்தனை நாளும் சொன்னது? சாக்லேட்டில் எங்கிருந்து பழவாசனை வரும்?

வாசனை. பட்டினி கிடக்கும் செல்கள் கொழுப்பை எரித்தால் மூச்சில் அந்த வாசனைதான் வரும். அதையும் அவளே பாடம் நடத்தியிருக்கிறாள். மகளின் உடம்பு இருக்கிற வழியிலெல்லாம் சேதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மா அதை மிட்டாய் என்று எடுத்துக்கொண்டாள்.

கையை உள்ளே விட்டுக் குப்பியைத் தேடினாள். பின்சுவரின் பனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். திரிந்த பாலைப்போல, கண்ணாடியெங்கும் துகள் துகளாக அப்பியிருந்தது. உறைந்த இன்சுலினை உருட்டினால் கரையும், ஆனால் குலைந்த வடிவம் திரும்பாது. பிறகு எந்தக் கிண்ணத்தில் போய் அது உட்காரும்? ஐஸ் மாதிரி இருக்கு என்று பிள்ளை சொன்னாளே.

படுக்கையறையிலிருந்து மூச்சு புஸ் புஸ்ஸென்று கேட்டது. தையல்காரர் மகளை ஏற்கெனவே தோளில் தூக்கியிருந்தார்.

மருத்துவமனையில் நரம்பு வழியாக நல்ல மருந்தும் உப்புநீரும் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கையை விட்டுப் போயிருப்பாள் என்று டாக்டர் சொன்னார். மருந்து உறைந்துபோன கதையைக் கேட்டுவிட்டு, யார் குப்பியை ஐஸ் பக்கம் வைத்தது என்று கேட்டார். "நான்தான்" என்றாள் டீச்சர். இதில் அவளால் யாரையும் சந்தேகப்பட முடியவில்லை.

மறுநாள் வாலுவுக்கு நன்றாகத் தெளிந்தது. டீச்சர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"திங்காததை ஏண்டி தின்னேன்னு சொன்ன?"

"நீ அதைத்தானேம்மா கேட்டுக்கிட்டே இருந்த," என்றாள் வாலு. "வேற என்ன சொன்னாலும் உனக்குக் கேக்கலயே."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தையல்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாக்லேட் டப்பா எதிர்வீட்டுக்குப் போனது, புதுக் குப்பி கதவுத்தட்டுக்குத் திரும்பியது. சர்க்கரையும் படிப்படியாக அடங்கியது. ஒரு வாரம் கழித்து ஒரு காலை, வாலு விரலில் குத்தி மெஷினில் ரத்தம் தொட்டாள். டீச்சர் பக்கத்தில் நின்றாள், எதுவும் கேட்கவில்லை. திரையில் நூற்றுப்பத்து வந்தது. டாக்டரே கைதட்டியிருப்பார்.

வாலு மெஷினைக் கீழே வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் எதுவும் சாப்பிடலம்மா."