கூடையில் ஏழாவது இலை

இலங்கை மலையகத்தில், அந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் நானூறு பேர் குடியிருந்தார்கள். ஓட்டு இருந்தது ஐந்து பேருக்கு. பொன்னையா கங்காணி, அவர் மனைவி ராசம்மா, தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் மாயாண்டி, கொழுந்து பறிக்கும் வீரம்மா, வீரம்மாவின் புருஷன் சோலைமலை. சோலைமலை போன ஆவணியில் இறந்துவிட்டார். வாக்காளர் பட்டியல் அதற்கு முன்பே தயாராகியிருந்தது.

பஜாரில் கடை வைத்திருந்த நஸாருக்கும் அவர் மனைவி கமறியாவுக்கும் தோட்டத்துக்காரர்கள் ஓட்டுப் போடும் அதே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. ஆக, உயிரோடு ஆறு பேர்.

1965 மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு பேரும் பிள்ளைக்காம்பராவில் கூடினார்கள். வேலை நாட்களில் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள். உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் வெறுமையாகத் தொங்கின. கதவுக்கு வெளியே பனி, மலையை மறைத்துக்கொண்டு நின்றது.

பொன்னையா பட்டியலை விரித்துப் பெயர்களைப் படித்தார். சோலைமலையின் பெயரையும் படித்துவிட்டார்.

“செத்த மனுசனுக்கு ஓட்டு இருக்கு,” என்றாள் வீரம்மா. “உசுரோட இருக்க எம் மகனுக்கு இல்ல.”

அவள் மகன் அழகுமுத்துவின் கதை எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டு வயதில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். பெரிய ஆள் சம்பளத்துக்குப் பேர் பதியவேண்டும் என்று சோலைமலை ஆபீசில் பதினேழு என்று எழுதவைத்தார். தோட்டத்தில் பாதிப் பேர் செய்கிற காரியம். ஐந்து வருஷம் கழித்துக் குடியுரிமைக்கு மனு எழுதும்போது, சின்னப் பிள்ளைகளைத் தகப்பன் மனுவில் சேர்க்கலாம் என்றார்கள். ஆபீஸ் பதிவில் அழகுமுத்து இருபத்திரண்டு வயது ஆள். தனியாக மனுப் போடவேண்டியவன். அது தெரியவந்தபோது தவணை முடிந்துவிட்டது. தகப்பனும் தாயும் இந்த நாட்டவர்கள் ஆனார்கள். மகன் எந்த நாட்டவனும் இல்லை. இப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. மருமகள் பிரசவத்துக்குப் பட்டிப்பொல பக்கம் தாய்வீடு போயிருந்தாள்.

போன ஐப்பசியில் ஆளுங்கட்சியான கைச் சின்னக் கட்சி டில்லியில் ஒப்பந்தம் போட்டது; தேர்தலில் அதற்கு எதிரே நின்றது யானைச் சின்னக் கட்சி. அஞ்சே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவார்கள் என்றார்கள். அதற்குப் பிறகு வீரம்மா சரியாகத் தூங்கவில்லை.

“யானைக்கா போடச் சொல்றீங்க?” என்றான் மாயாண்டி நஸாரிடம். “நாப்பத்தெட்டுல நம்ம பிரஜா உரிமையப் புடுங்குனது யாரு? அந்த யானைதான? கூச்சமா இல்ல?”

“உரிமையத்தானே புடுங்கினான்,” என்றார் நஸார். “கைக்காரன் ஆளையே வேரோட புடுங்கிக் கப்பல்ல போடப் போறான். டில்லிக்குப் போய்க் கையெழுத்து வச்சது ஆரு? ஒங்கட பிரதமர் அம்மாதானே?”

“எங்கம்மா கைநாட்டு, நஸார் நானா. அதுக்குக் கையெழுத்து வராது.”

ராசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சிரிச்சுக்கிட்டே இருங்க,” என்றார் பொன்னையா. “நஸார் தம்பி, யானை வந்தா ஒப்பந்தத்தக் கிழிச்சிருமா?”

“கிழிக்காது. இழுக்கும். பத்து வருசம் இழுத்தாப் போதாதா? அதுக்குள்ள புள்ளைங்க வளந்துரும்.”

“இந்த மனுசனுக்கு வேற கவலை,” என்றாள் கமறியா. “சனமெல்லாம் கப்பலேறிட்டா இவர்ட கருவாட்ட ஆரு வாங்குறது?”

“நீ எந்தப் பக்கம் புள்ள?”

“அது ஒங்களுக்கு எதுக்கு?”

“மாயாண்டி,” என்றாள் ராசம்மா, “ஒங்க செவப்புச் சட்டைக்காரரு ஒருத்தரு நிக்கிறாராமே. அவருக்குப் போட வேண்டியதுதான?”

“நல்ல மனுசன். ஆனா ஜெயிக்க மாட்டாரு அக்கா. அவருக்குப் போட்டா ஆத்துல போட்ட மாதிரி. யானை வரக்கூடாதுன்னா கைக்குத்தான் போடணும்.”

பொன்னையா பட்டியலை மடித்தார். “போன தடவை ஜெயிச்சவன் நாப்பது ஓட்டுல ஜெயிச்சான். சுத்துத் தோட்டமெல்லாம் சேந்து நமக்கு அறுபது ஓட்டு இருக்கு. நம்ம முடிவுதான் அவங்க முடிவுன்னு சொல்லிட்டாங்க. ஆளுக்கொரு பக்கம் போட்டா ஒருத்தனும் நம்மளத் திரும்பிப் பாக்க மாட்டான். ஒரே பக்கம். எந்தப் பக்கம்னு கூடையில பாப்போம்.”

வாய்விட்டுச் சொன்னால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வரும் என்று அவர்தான் கூடை யோசனை சொன்னார். வீரம்மாவின் கொழுந்துக் கூடையை நடுவில் வைத்துக் கம்பளியால் மூடினார்கள். யானைக்குக் கொழுந்து. கைக்கு முற்றிய இலை. ஒவ்வொருவரும் வெளியே போய்ச் செடியில் இரண்டையும் கிள்ளிக்கொண்டு வந்தார்கள். கம்பளிக்குள் கைவிட்டு ஒன்றைப் போட்டார்கள். மற்றதை அடுப்பில் எறிந்தார்கள்.

பொன்னையா கூடையைக் கவிழ்த்தார்.

மூன்று கொழுந்து. நான்கு முற்றிய இலை.

“எவன் ரெண்டு போட்டது?” என்றார்.

மாயாண்டியைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். “எங்க கட்சிக்காரன் கள்ள ஓட்டுப் போட மாட்டான்.”

“கள்ள ஓட்டே ஒங்ககிட்டத்தான் படிச்சாங்க,” என்றார் நஸார்.

மறுபடி போட்டார்கள். இந்த முறை சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டு, விரலிடுக்கில் ஒரே காம்பின் நுனியை மட்டும் காட்டி, மற்றதை உள்ளங்கையில் மறைத்து, கூடைக்குள் கை விட்டார்கள். கூடையைப் பொன்னையா முதலிலேயே தட்டிக் கவிழ்த்துக் காட்டினார். அது காலியாக இருந்தது.

மூன்று கொழுந்து. நான்கு முற்றிய இலை.

இந்த முறை யாரும் யாரையும் பார்க்கவில்லை. ராசம்மா குனிந்து இலைகளை வரிசையாக வைத்தாள். ஆறு இலைகளின் காம்பு நகத்தால் கிள்ளியிருந்தது. ஓரம் பிய்ந்திருந்தது. ஏழாவதின் காம்பு சாய்வாக, ஒரே வீச்சில் வெட்டியிருந்தது. கத்தி வெட்டு.

அவர்கள் யாரிடமும் கத்தி இல்லை.

கவ்வாத்துக் கத்தியால் செடி வெட்டுகிறவர்கள் அப்படித்தான் வெட்டுவார்கள். சோலைமலை இருபத்தெட்டு வருஷம் கவ்வாத்து வெட்டியவர்.

“பட்டியல்ல ஏழு பேரு,” என்றாள் ராசம்மா, மெதுவாக.

வீரம்மா அந்த இலையைக் கையில் எடுத்தாள். அது ஈரமாக, மிகவும் குளிர்ந்து இருந்தது.

“அவரு எப்பவும் கைக்குத்தான்,” என்றாள். “ரெண்டு தடவையும் கைக்குத்தான் போட்டாரு. யானைய மன்னிக்கவே மாட்டாரு.” பிறகு சொன்னாள்: “அவருக்கு ஒப்பந்தம் தெரியாது. அவரு போனது ஆவணி. கையெழுத்து ஐப்பசியில.”

“அப்ப ஆராச்சும் போய்ச் சொல்லணும்,” என்றார் நஸார். சிரிப்பார்கள் என்று நினைத்துச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிவு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

புதன்கிழமை வேலை விட்டதும் வீரம்மா ஆறாம் நம்பர் மலைக்குப் போனாள். அதன் அடிவாரத்தில், ஓடைக்கு மேலே, தோட்டத்துப் பிரேதங்களைப் புதைப்பார்கள். சோலைமலையின் மேட்டில் புல் முளைத்திருந்தது. அவள் கூடையை இறக்காமல் நின்றபடியே பேசினாள்.

“என்னாங்க. ஒரு சங்கதி ஒங்களுக்குத் தெரியாது. நீங்க போனப்புறம் டில்லியில ஒப்பந்தம் போட்டாங்க. போட்டது ஒங்க கைக்காரங்கதான். பிரஜா உரிமை இல்லாதவங்கள அனுப்பப் போறாங்க. அழகுமுத்துக்கு இல்ல. ஏன் இல்லன்னு ஒங்களுக்கே தெரியும்.”

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. மற்றபடி சத்தம் இல்லை.

“வயசக் கூட்டினது நீங்க. நான் ஒரு நாளும் கேக்கல. இப்பக் கேக்குறேன். நாங்க யானைக்குப் போடலாம்னு இருக்கோம். நீங்க குறுக்க நிக்காதீங்க. எம் மகன அனுப்ப விட்டுடாதீங்க. அவன் எங்கயும் போகக்கூடாது. இந்த மண்ணுலயே வச்சுக்கங்க.”

பனி இறங்கியது. அவள் ஏறி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் மறுபடி கூடைக்குள் கை விட்டார்கள். பொன்னையா கூடையைக் கவிழ்த்தார்.

நான்கு கொழுந்து. மூன்று முற்றிய இலை.

கொழுந்துகளில் ஒன்றின் காம்பு சாய்வாக வெட்டியிருந்தது.

“சரி,” என்றான் மாயாண்டி. அவன் முகம் வெளுத்திருந்தது. “யானைக்கே போடுறேன். இதுக்கு மேல நான் கூடையில கைவிட மாட்டேன்.”

முனியாண்டி கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தார்கள். சொன்னபடி போடாதவரை முனி பார்த்துக்கொள்ளும் என்றார் பொன்னையா. நஸாரும் கமறியாவும் வெளியே நின்றார்கள். “நான் கற்பூரம் அணைக்க ஏலாது. என்ட வாக்குப் போதும்,” என்றார் நஸார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சுற்றுத் தோட்டங்களுக்குச் செய்தி போனது.

அன்று வீரம்மா நன்றாகத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அழகுமுத்து வேலை முடிந்து வந்து, அடுப்பருகே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தான்.

“ஆறாம் நம்பர்ல கவ்வாத்து வெட்டிக்கிட்டிருந்தேன். யாரோ என் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க.”

“யாரு?”

“கீழ ஓடைப் பக்கமிருந்து. அப்பா கொரல் மாதிரியே இருந்துச்சு. போய்ப் பாத்தேன். யாருமில்ல.”

“கூப்புட்டா நீ போனியா?”

“அப்பா கொரலும்மா. எப்புடிப் போகாம இருக்கிறது?” அவன் சிரித்தான். “ஒண்ணு பாத்தேன். அப்பா மேட்டுக்குப் பக்கத்துல மண்ணு உள்வாங்கியிருக்கு. நம்ம தொட்டில் அளவுக்கு ஒரு பள்ளம். மழையே இல்ல, எப்புடின்னு தெரியல.”

புதன்கிழமையும் குரல் கேட்டது. வியாழக்கிழமை அவன் குரல் கேட்கும்வரை காத்திராமல், வெட்டிக்கொண்டிருந்த செடியைப் பாதியில் விட்டு இறங்கிப் போனான் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்து அங்கே போய்ப் பார்த்தால், பள்ளத்தின் ஓரத்தில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தானாம். ஏன் என்று கேட்டதற்கு, கால் வலித்தது என்றானாம்.

வெள்ளிக்கிழமை வீரம்மாவே போய்ப் பார்த்தாள். பள்ளம் ஆள் நீளத்துக்கு இருந்தது. நாலு பக்கமும் நேராக, வெட்டிவைத்தது போல இருந்தது. மண்வெட்டி பட்ட அடையாளம் இல்லை. அழகுமுத்து நெட்டையானவன். பள்ளம் அவன் நீளத்துக்குச் சரியாக இருந்தது.

தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“நான் சொன்னது அப்புடியில்லீங்க,” என்றாள். “உசுரோட இங்க இருக்கணும்னு சொன்னேன். அவன் புள்ள பொறக்கப் போகுது. கேக்குதா?”

கைகளால் மண்ணை அள்ளிப் பள்ளத்தில் போட்டாள். நகங்களில் ரத்தம் வரும்வரை போட்டாள். சனிக்கிழமை போனபோது அந்த மண் இல்லை. பள்ளம் முன்னைவிட ஆழமாக இருந்தது. சோலைமலை ஒன்றைப் பிடித்தால் விடாத மனுஷன். உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான்.

மகனை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் லயத்து வீட்டுக் காம்பராவை விட்டு வெளியே விடவில்லை. கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை தேர்தல். ராசம்மாவின் தங்கச்சியைக் கதவில் உட்காரவைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். பெண்கள் வரிசையில் அவளுக்கு முன்னால் கமறியா நின்றாள்.

“என்ன புள்ள, கையெல்லாம் இப்பிடி? மண் வெட்டினியா?”

“ஆமா.”

“யானைதானே? நம்மட மனுசன் நாலு தடவை கேட்டு அனுப்பினார்.”

வீரம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

உள்ளே எழுத்தர் பெயரைச் சிங்களத்தில் வாசித்து, கோடு போட்டு, சீட்டைக் கொடுத்தார். மறைப்புக்குள் போனாள். பென்சில் கயிற்றில் தொங்கியது. மேலே யானை. கீழே கை. யானை வந்தால் மகன் இங்கேயே இருப்பான். இங்கே அவனுக்கு இடம் வெட்டியாகிவிட்டது. கை வந்தால் தலைமன்னாரில் கப்பலேற்றுவார்கள். பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கோ ஒரு வெயில் ஊரில் கூலிக்குப் போவான். அவள் அவனை இனிப் பார்க்கமாட்டாள். அவன் இருப்பான்.

கற்பூரம் அணைத்த உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். கைக்கு நேரே பெருக்கல் குறியாகப் புள்ளடி போட்டாள். பென்சில் தடம் அடுத்த பக்கத்தில் தெரியும் அளவுக்கு அழுத்தினாள்.

வெளியே பொன்னையா நின்றுகொண்டிருந்தார். “போட்டாச்சா தங்கச்சி?”

“போட்டாச்சுண்ணே.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

லயத்துக்குப் போகிற பாதை ஆறாம் நம்பர் மலைக்கு மேலாகச் சுற்றிப் போகும். பாதி தூரத்தில் பனி அடைத்துக்கொண்டது. முன்னால் நாலு செடிகளுக்கு மேல் தெரியவில்லை. கீழே ஓடைப் பக்கமிருந்து குரல் கேட்டது. கோபமான குரல். அவளுக்கு நன்றாகத் தெரிந்த கோபம்.

“வீரம்மா.”

அவள் நின்றாள். மறுபடி கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். மகனின் பெயரும் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். வரவில்லை.

“வீரம்மா.”

மூச்சு சீரானது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“வர்றேங்க,” என்று சொல்லி, செடிகளைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினாள்.