கறுப்பு நூல்

தைத்து முடித்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார் தையற்காரர். மனைவியின் நீல உடையைத் தோளில் பிடிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தே பாதி ஆளாகிவிட்டாள்.

"இனிமே யாரு அளவு பாக்கப்போறா அத்தான்? குடுங்க, போட்டுவிடணும்," என்று அவசரப்படுத்தினாள் மைத்துனி.

"நான் பாப்பேன்," என்றார்.

அப்போதுதான் வாசலில் கீச்சென்று ஒரு சத்தம். ரெக்கார்டர். பாட்டைப் பிடித்து வைக்கும் பெட்டி இல்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஊதும் பிளாஸ்டிக் குழல். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும் அந்தச் சாமானைத்தான் அவர் மனைவி பள்ளியில் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பாட்டைத் தப்பில்லாமல் வாசித்தால் குழலின் அடியில் வண்ண நூல் ஒன்றைக் கட்டிவிடுவாள். முதலில் வெள்ளை, கடைசியில் கறுப்பு. எல்லாம் இவர் கடையில் சுட்டதுதான். ஒரு சாண் நூலுக்காகப் பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து ஊதினார்கள். எல்லாருக்குமே கொடுத்துவிடலாமே, பாவம் குழந்தைகள் என்று தலைமையாசிரியை ஒருமுறை சொன்னபோது, "பாவம்னு குடுத்தா அது நூல் இல்ல மேடம், குப்பை," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

சனிக்கிழமை பரீட்சை வீட்டில்தான். பக்கத்து அறையில் இவர் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார். ஸ்வரம் தப்பினால் அவர் கால் தானாக நின்றுவிடும். "கேட்டியா, மிஷினே நின்னுடுச்சு. அடுத்த வாரம் வா," என்பாள் டீச்சர்.

வாசலில் நின்றது சுண்டு. சுண்டுவிரல் கட்டையாக இருந்ததால் டீச்சர் வைத்த பெயர். எல்லாத் துளைகளையும் மூடி ஊதும் அடி ஸ்வரம் மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. அவள் குழலில் கறுப்பைத் தவிர எல்லா நிறமும் தொங்கின.

"விஷயம் தெரியாதா கண்ணு?" என்றாள் மைத்துனி.

"தெரியும். டீச்சர் செத்துட்டாங்க. ஆனா இன்னிக்கு சனிக்கிழமை. என்னை வரச் சொல்லியிருந்தாங்க."

"எழவு வீட்ல ஊதறதா? நல்லாயிருக்கு நியாயம்," என்று உறவினர் ஒருவர் எழுந்தார்.

"இந்த வீட்ல ஊதாம வேற எங்க ஊதும்?" என்றார் தையற்காரர். "நீ இரும்மா."

உடை மாற்றி முன்னறையில் கிடத்தும்வரை சுண்டு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு டீச்சரின் தலைமாட்டுக்கு வந்து, காலை அகட்டி நின்று ஊதினாள். பாட்டு நன்றாகவே போனது. முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் காது கொடுத்தார்கள். கடைசியில் அடி ஸ்வரம். அந்தக் குட்டைச் சுண்டுவிரல் நழுவியது. குழல் வீறிட்டது.

சுண்டு குழலை இறக்கித் தையற்காரரைப் பார்த்தாள்.

"குடுத்துடுங்க அத்தான், பச்சப்புள்ள. அக்கா இருந்தா குடுத்திருப்பா."

"இருந்தா குடுத்திருக்க மாட்டா."

நூல் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. காலையில் கை தன்னாலேயே அளந்து வெட்டி வைத்திருந்தது. கொடுத்துவிடத்தான் மனம் அடித்துக்கொண்டது. இன்றைக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு ஆளாவது சிரித்துக்கொண்டு போகட்டுமே. ஆனால் கொடுத்தால் மனைவியின் பேச்சு இன்றோடு முடிந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. சாவுக்கு அவளைத்தான் கொடுத்தாகிவிட்டது, இதையும் ஏன் கொடுக்க வேண்டும்?

"அடி ஸ்வரம் தப்பு, சுண்டு. சூடான டீய ஆத்தற மாதிரி மெதுவா ஊதணும். நீ அடுப்ப ஊதற."

"கல்நெஞ்சு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

சுண்டுவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் முறைத்தாள். "அடுத்த சனிக்கிழமை யாரு கேப்பாங்க?"

"நான் கேப்பேன். தச்சுக்கிட்டே."

"தப்பா வாசிச்சா?"

"மிஷின் நிக்கும்."

"நிக்காது. பாருங்க," என்றாள்.

டீச்சரை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. தையற்காரர் பின்னால் நடந்தார். வீட்டு வாசலில் அந்தப் பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. யாரோ அதட்டினார்கள், அது நிற்கவில்லை. தெருமுனைவரை கூடவே வந்தது. அடி ஸ்வரத்தில் மறுபடி கீச்சிட்டது.

அவர் கால் நின்றது.

"என்ன அத்தான்?" என்று கையைப் பிடித்தாள் மைத்துனி.

"ஒண்ணுமில்ல," என்று நடந்தார்.