அண்ணன் பங்கு

ரம்பம் மறுபடியும் சறுக்கியது. லெயோனி கறுப்புப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சீஸ் வட்டத்தைத் துணியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்து மீண்டும் அறுத்தாள். அப்பா பசீல் தன் சாவு விருந்துக்கென்றே நிலவறையில் எடுத்து வைத்தது. அந்த மலைக் கிராமத்தில் வீட்டுக்கு ஒன்று அப்படி இருக்கும். மனுஷன் சாக அவசரப்படாததால் சீஸ் கல்லாகிவிட்டது.

“கோடாலி கொண்டு வரட்டுமா?” என்றாள் பக்கத்து வீட்டு ஹெர்மின், உலர்ந்த மாட்டிறைச்சியைத் தட்டில் பரப்பிக்கொண்டே. “உங்கப்பன் மாதிரியே இருக்குடி. ஒருத்தருக்கும் வளையாது.”

லெயோனி வாசலைப் பார்த்தாள். அடக்கம் முடிந்து ஊரே தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது, காலிக் கிண்ணங்களோடு. ஒயின் இன்னும் ஊற்றவில்லை.

“என் சாவுக்கு டோல் ஊத்து. வெறும் பினோவ ஊத்தி என்னை அசிங்கப்படுத்தாத. அந்தச் சீஸ் முன்னாடி அது வாயத் தொறக்காது” என்று கடைசியாகச் சொல்லிவிட்டு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான். டோலுக்கு எங்கே போவது என்று சொல்லவில்லை.

பினோத் திராட்சையும் கமேத் திராட்சையும் சேர்ந்த ஒயின்தான் டோல். பினோக் கொடி அப்பாவுடையது. கமேக் கொடி சித்தப்பா பிளசீதுடையது. பினோதான் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சட்டம். “பாத்தியா, திராட்சையிலயும் நான்தான் மூத்தவன்” என்று அப்பா ஒரு அறுவடையில் சொல்லப்போக, அதுவரை ஒன்றாக இருந்த தொட்டி அன்றோடு இரண்டாயிற்று. கடையில் டோல் வாங்கலாம். வாங்கினால் அப்பா எழுந்து வந்துவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

காலையில் சித்தப்பா வீட்டுக் கதவைத் தட்டி எல்லாம் சொல்லியிருந்தாள். அவர் கேட்டார். கதவைச் சாத்தினார். கல்லறைச் சுவரோரம் தொப்பியோடு நின்றவர், மண் போடுமுன் காணாமல் போனார்.

“குடுக்கறதக் குடுடி, தொண்டை காயுது” என்று யாரோ கத்தினார்கள். லெயோனி வேறு வழியில்லாமல் அப்பாவின் பினோப் பாட்டிலைத் திறந்தாள்.

அப்போதுதான் பிளசீத் உள்ளே வந்தார், கக்கத்தில் ஒரு ஜாடியோடு. யாரையும் பார்க்கவில்லை. “பெரிய கூஜா எங்க?” என்றார்.

“ஒரே தொட்டியில ஒண்ணா நுரைச்சாத்தான்யா டோல்” என்றாள் ஹெர்மின். “கூஜாவுல கலந்தா கள்ளத்தனம்.”

“நாங்க ஒண்ணா நுரைச்சதெல்லாம் போதும்.”

கூஜாவில் அண்ணனின் பினோவையும் தன் கமேயையும் பாதிக்குப் பாதி ஊற்றினார், கண்ணாலேயே அளந்து. தன் பங்கு ஒரு சொட்டும் குறையாமல். கிண்ணத்தில் கொஞ்சம் விட்டு உறிஞ்சினார். ரம்பம் உதிர்த்த சீஸ் துண்டை வாயில் போட்டு, இருக்கிற பற்களை வைத்து நெடுநேரம் மென்றார். மறுபடி உறிஞ்சினார்.

“சித்தப்பா?”

“உப்பு ஜாஸ்தி” என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

பிறகு அண்ணனின் பாட்டிலை எடுத்துக் கூஜாவில் கொஞ்சம் சரித்தார். பார்த்தார். இன்னும் கொஞ்சம்.

“இப்ப ஊத்து” என்று லெயோனியிடம் கூஜாவைத் தள்ளினார். தன் ஜாடியில் மிச்சமிருந்ததைத் தக்கை போட்டு மூடி, காலால் மேசைக்கு அடியில் நகர்த்திவிட்டு, ரம்பத்தைக் கையில் எடுத்தார்.