வந்தவருக்குத் தண்ணீர்

ராமசுப்பு தறிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது, இரண்டரை வயது மகள் கோமதி கைகூப்பி நின்றாள்.

"வாங்க. உக்காருங்க. தண்ணி குடிங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அவன் பேசுவதே அபூர்வம்.

"யார்ட்ட மக்கா இப்படிச் சொன்ன?"

"மாமாட்ட."

"எந்த மாமா?"

"சட்ட போட்ட மாமா."

அவன் மனைவி இசக்கியம்மாளுக்கு உடன்பிறந்தவன் கிடையாது.

நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில், பாதித் தண்ணீரோடு ஒரு தம்ளர் இருந்தது. வீட்டு ஆட்கள் பானையடியிலேயே நின்று குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைப்பார்கள். நாற்காலிக்குத் தண்ணீர் கொண்டுபோவது வெளியாளுக்குத்தான்.

இசக்கியம்மாளிடம் அவன் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் சொல்வாள். அதை நம்புவதா என்று பிறகு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். கை கழுவிச் சாப்பிட்டான். அவள் சோறு போட்ட கையையே பார்த்தான். வளையல் புதிதா பழையதா என்றுகூட நினைவில்லை.

மறுநாள் முற்பகலில் கரண்ட் போனது. தறிகள் மொத்தமாக அடங்கின. ஆட்கள் பீடி பற்றவைத்தார்கள். அவன் துண்டை உதறி எழுந்தான்.

"என்ன வே, கரண்டு போனா வீட்டு நெனப்பு வந்துருமோ?" என்றான் பக்கத்துத் தறிக்காரன் தங்கப்பழம். எல்லோரும் சிரித்தார்கள். தங்கப்பழத்துக்கும் ஏதும் தெரியுமோ?

தெருவழியே போகாமல் கொல்லைச் சந்து வழியாகப் போனான். ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே ஆண்குரல் போலக் கட்டையாய் ஒரு குரல்:

"வீட்டுல யாரு இருக்கா? மாமா வந்திருக்கேன்!"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். சேலைக்கு மேல் அவனுடைய டெரிலின் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி இசக்கியம்மாள் நின்றாள். கோமதி இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்து, பாதியைத் தரையில் சிந்திக்கொண்டே வந்தாள்.

"வாங்க மாமா."

"நல்லாருக்கியா தாயி? அப்ப மாமா..."

"போயிட்டு வாங்க."

ராமசுப்பு முன்வாசலுக்கு வந்து கதவைத் தள்ளினான். இசக்கியம்மாள் வெட்கத்தோடு துண்டை உருவினாள்.

"தபசுத் திருநாளுக்குச் சிவகிரியில இருந்து ஒங்க மதினி வாராகள்லா. போன தடவ, வந்தவுகள வாங்கன்னு சொல்லத் தெரியல, பிள்ளைய ஊமையா வளத்துருக்கான்னு நாலு பேரு முன்னால சொன்னாக. அதான் பழக்குதேன்."

பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவன் காலில் கொல்லைச் சந்துச் சகதி. நெற்றியில் ஜன்னல் கம்பியின் துரு.

"நீங்க எங்கன இருந்து வாரிய?"

அவள் சட்டையைக் கழற்றி, மடித்து, அவன் கையில் கொடுத்தாள்.

"அடுக்களையையும் பாத்துருங்க."

அவள் சொல்வதற்கு முன்பே அவன் கண் அங்கே போயிருந்தது.