கை நனைக்க ஓர் இடம்

சமையல்காரர் அப்பாசாமி அண்டாவில் கறியைக் கொட்டிவிட்டு, ஆட்டுத் தலையைக் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"ஏம்மா உண்ணாமல, இத இன்னா பண்றது? பொளந்து கொழம்புல போட்டுடட்டா?"

"தொட்டீங்கன்னா தெரியும் சேதி. அது எங்க அண்ணனுக்கு."

"ஒரே ஆளு மொத்தத் தலையும் துன்னுவாரா?"

"துன்றாரோ, தூக்கிக்கினு போறாரோ, அவரு இஷ்டம். வாட்டித் தனியா வைங்க."

அந்தத் தலைக்குப் பின்னால் ஏழு வருடப் பகை கிடந்தது. உண்ணாமலை கல்யாணமாகி வந்த புதிதில் புருஷன் வீட்டார் குலசாமிக்குக் கிடா வெட்டினார்கள். கிடாத் தலை பெண்ணின் அண்ணனுக்குப் போக வேண்டும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த முறை. கம்பி கட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த அவள் புருஷன் கலையரசன், மேஸ்திரியின் மனதைக் குளிர வைக்கிறேன் பேர்வழி என்று தலையை அவர் வண்டியில் கட்டி அனுப்பிவிட்டான். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து பந்தியில் உட்கார்ந்திருந்த அண்ணன் சடையன், சோறு போட்ட இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். "இனிமே உன் வூட்ல கை நனைச்சேன்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்றான். அவன் சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு, அவள் வாழ்க்கைப்பட்ட வேங்கிக்கால் பக்கம் அவன் நிழல்கூட விழவில்லை.

உண்ணாமலையும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே. மகள் தென்றலுக்கு ஐந்து வயது முடிந்தும் காது குத்தவில்லை. "மாமன் மடி இல்லாம எம் பொண்ணு காதுல ஊசி படாது" என்றுவிட்டாள். பெரியப்பா மகனை உட்கார வைக்கலாம் என்றார்கள், முடியாது என்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "மொட்டக் காது" என்று கத்தின. குழந்தை அழுதுகொண்டு இவள் வேலை செய்யும் இடத்துக்கு ஓடி வரும். இவள் ஜல்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துவிடுவாள், மறுபடி சட்டியைத் தூக்குவாள். சித்தாள் வேலையில் அழுவதற்கு நேரம் ஒதுக்க முடியாது.

இந்த ஐப்பசியில் மனசு கேட்காமல் வெற்றிலைத் தட்டோடு கீழ்பென்னாத்தூருக்கே போய்விட்டாள். சடையன் வீட்டில் இல்லை. அண்ணி தனம்தான் தட்டை வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் போன் வந்தது. "வரேன். மடியில வச்சிக் காது குத்திட்டுப் போறேன்." அவ்வளவுதான். சாப்பிடுவாயா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டு, இல்லை என்றுவிட்டால்?

தேதி குறிப்பதில் அவள் மூளையெல்லாம் செலவானது. பெரிய கோயிலில் கார்த்திகை தீபத்துக்குக் கொடி ஏறிவிட்டால் அந்த வட்டாரத்தில் கறி வாசனையே இருக்காது. அண்ணனுக்குத் தலை வைக்க வேண்டுமானால் கொடிக்கு முன்னால் வைத்தாக வேண்டும். கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு என்று முடிவு செய்தாள். நாள் பார்த்தாள், நட்சத்திரம் பார்த்தாள், மழை வருமா என்று போனில்கூடப் பார்த்தாள். கார்த்திகை ஒன்றாம் தேதி ஒன்று இருக்கிறதே, அதைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. சீர்த்தட்டுகளோடு தனம் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் சடையன் இறங்கினான். கறுப்பு வேட்டி. செருப்பில்லாத கால். ஒரு வாரத் தாடி. கழுத்தில் துளசி மாலை.

பந்தலில் இருந்த அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பியது. பந்தலுக்குப் பின்னால் அண்டா மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"சாமியே சரணம்!" என்று எவனோ ஒருவன் மெல்ல எடுத்துக் கொடுத்தான். "ஆடு அநியாயமா செத்துப்போச்சுடா" என்றான் இன்னொருவன். சிரிப்பு கிளம்பியது.

உண்ணாமலை தனத்தின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "அண்ணி, மாலை போட்டிருக்காருன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ தேதிய மாத்துவ. தேதிய மாத்தினா இவரு மனச மாத்திக்குவாரு. ஏழு வருஷம் கழிச்சு வரேன்னு வாயத் தொறந்தாரு. அப்படியே அமுக்கிப் புடிச்சி வேன்ல ஏத்திக்கினு வந்துட்டேன். வந்துட்டாரா இல்லியா?"

வந்துவிட்டான்தான்.

சடையன் யாரிடமும் பேசாமல் மணைமீது உட்கார்ந்து மடியைத் தட்டினான். இதுவரை பார்த்தே இராத அந்தத் தாடிக்காரன் மடியில் தென்றல் விறைத்துப்போய் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததுதான் தாமதம், வீல் என்று கத்தி, கிடைத்த கட்டை விரலை நறுக்கென்று கடித்தாள். சடையன் விரலை இழுக்கவில்லை.

"கடி. நல்லாக் கடி. உங்கம்மாவும் சின்னதுல இப்டித்தான். தழும்பு இன்னும் இருக்குது, வா காட்டறேன்."

இரண்டாவது காதும் முடிந்தது. சந்தனத்தைத் தொட்டு அவனே காதுமடலில் வைத்தான். கம்மலைப் போட்டான். குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து துண்டை உதறினான். "வந்த வேல முடிஞ்சுது. வேன எடுக்கச் சொல்லு."

உண்ணாமலை வழியில் நின்றாள். "ண்ணா, ஒரு வாய் சாப்ட்டு..."

"கறி வேகற எடம். மாலை போட்டவன் பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டான். தெரியாதா உனக்கு?"

"தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லிட்டுப் போ. மலையில இருக்கற சாமி வேணான்றாரா, கீழ்பென்னாத்தூர் சாமி வேணான்றாரா?"

சிரிக்க வாயெடுத்தவர்கள் மூடிக்கொண்டார்கள். சடையன் தங்கையைப் பார்த்தான். தலையில் சும்மாடு வைத்து வைத்து உச்சியில் முடி தேய்ந்திருந்தது. சிமெண்ட் தின்ற விரல்கள் வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தன.

"மாலை இல்லன்னாலும் இன்னிக்குத் துன்னிருப்பனான்னு எனக்கே தெரியல" என்றான். பொய் சொல்ல அவனுக்கு வராது. பிறகு, கடிபட்ட கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டே, "ஆனா இப்பப் பசிக்குது" என்றான்.

"தலைக்குக் குளிச்சிட்டுச் சுத்தமாப் பொங்கினா உக்காருவியா?"

"எங்க பொங்குவ? தெரு பூரா மசாலா நாறுது."

"அது என் பாடு. ஒரு மணி நேரம் இரு."

இரண்டு தெரு தள்ளி அவள் வேலை செய்யும் வீடு இருந்தது. சுவர் எழும்பி, கூரை போட்டு, பூச்சு வேலைக்குக் காத்திருந்தது. ஞாயிறு என்பதால் ஆள் இல்லை. கட்டுமான வேலைக்கு வைத்திருந்த தொட்டித் தண்ணீரைப் புடவையோடு எட்டுக் குடம் தலையில் ஊற்றிக்கொண்டாள். ஈரம் சொட்டச் சொட்ட நின்றவளைப் பார்த்து, சீர்த்தட்டோடு வந்த தனம், "சளி புடிச்சிச் சாவப் போற. உள்ள வந்து அடுப்பு மூட்டுடி, காத்து அடிக்குது" என்றாள்.

"வூட்டுக்காரங்க இன்னும் பால் காய்ச்சல அண்ணி. அவங்க வூட்ல மொத அடுப்ப நான் எப்டி மூட்டறது? செங்கல்லு சொமந்ததோட நம்ம பாத்தியத முடிஞ்சுது."

மணல் மேட்டுக்குப் பக்கத்தில் மூன்று சிமெண்ட் கல்லை வைத்தாள். உடைந்த சென்ட்ரிங் பலகைத் துண்டுகள் நன்றாகப் பற்றின. அண்ணன் சீராகக் கொண்டுவந்த புதுப் பானையில், அண்ணன் கொண்டுவந்த அரிசியைப் போட்டாள். சீரில் வந்த பருப்பு இன்னொரு பாத்திரத்தில் வெந்தது. வெங்காயம் பூண்டு வேண்டாம் என்று, காம்பவுண்டு ஓரத்து முருங்கையை உருவிப் பருப்பில் போட்டாள். தனம் பச்சை மிளகாய்க்கும் உப்புக்கும் கடைக்கு ஓடினாள். ஊரையெல்லாம் கூட்டி, ஆள் வைத்து, ஆடு வாங்கி ஆக்கிய விருந்து அங்கே கமகமக்க, அவள் இங்கே புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தாள். ஏழு வருடமாகச் சோறு பொங்கியிருக்கிறாள். பதம் பார்க்க மூடியை மூன்று முறை திறந்தது இன்றைக்குத்தான்.

சோறு கொதித்து வரும்போது ஆட்டோ ஓட்டும் வளவன் எட்டிப் பார்த்தான். அவன் கழுத்திலும் மாலை. "யக்கா, இங்க சாமிங்களுக்குத் தனிப் பந்தின்னாங்க, மெய்யா? மொய் எழுதிட்டு வெறும் வயித்தோட கெளம்பிட்டேன்." அவனுக்குப் பின்னால் எதிர்வீட்டு மாறன். அவருக்குப் பின்னால், கார்த்திகை மாதம் முழுக்கக் கறி தொடாத இரண்டு பெண்கள். இவர்களெல்லாம் தன் தெருவிலேயே இருக்கிறார்கள்; தினமும் பார்க்கிற முகங்கள். ஒரே ஒரு ஆளை நினைத்து ஆடு வாங்கியதில் மற்ற யாரும் அவள் கண்ணில் படாமல் போயிருந்தார்கள்.

"மெய்தான். உக்காருங்க" என்றாள். முதல் பானை வடிந்ததும், இன்னும் இரண்டு படி அரிசி உலையில் விழுந்தது.

சுவர் நிழலில் இலை போட்டார்கள். சடையன் வந்து முதல் இலையில் உட்கார்ந்தான். தனம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஒனக்குன்னு தலைய வாட்டி வச்சிருக்கா தெரியுமா?"

"அந்த மேஸ்திரி வந்திருக்கானா?" என்றான் சடையன்.

"பந்தல்ல மொத ஆளா உக்காந்திருக்காரு."

"அவனுக்கே கட்டிக் குடு. ருசி கண்டவன்."

வளவனுக்குக் கதை தெரியாது, ஆனாலும் எல்லோரும் சிரித்ததால் அவனும் சிரித்தான்.

அப்போது கலையரசன் வந்தான். அவனும் குளித்திருந்தான். ஈரத் தலையோடு, கையில் ஒரு குடம் தண்ணீரோடு, ஜல்லிக் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டான். கிட்டே வரலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. உண்ணாமலை கரண்டியைப் பிடித்தபடி அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

"மச்சான்" என்றான் கலையரசன். "அன்னிக்கு நான் பண்ணது தப்புதான். வேல போயிடுமோன்னு பயம்."

சடையன் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தான். சாவகாசமாகத் துடைத்தான். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா எழுந்திருப்பனா மாப்ள? சரி, குடத்த எறக்கு. சோத்தப் போடு."

கலையரசன் போட்டான். குவித்துப் போட்டான். உண்ணாமலை மேலே கீரைப் பருப்பை ஊற்றினாள். சடையன் பிசைந்தான், உருட்டினான், வாயில் வைத்தான். மென்றான்.

"உப்பு கம்மி."

"சாமிக்கு வாய் நீளம்" என்றாள் உண்ணாமலை. உப்புப் பொட்டலத்தை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டுப் புகைமேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்தாள். சடையன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான். மூன்றாவதற்குக் கேட்கக்கூட இல்லை, இலையை முன்னால் தள்ளினான்.

தென்றல் காதைத் தொடாமல், கழுத்தைத் திருப்பாமல், மரப்பாச்சி மாதிரி நடந்து வந்தாள். சடையன் ஒரு கவளத்தை நீட்டினான். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"எனக்கு பிரியாணிதான் வேணும்."

"போய்த் துன்னு, யாரு வேணான்னா?"

"நீயும் வா. எங்க வூட்ல நெறைய கீது."

"மாமா இப்ப வர முடியாது கண்ணு. தை பொறந்ததும் மாலைய கழட்டிட்டு நேரா உங்க வூட்டுக்குத்தான். உள்ள உக்காந்து துன்றேன்."

உண்ணாமலை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"தைன்னா எத்தினி நாளு?" என்றாள் தென்றல். அவளுக்கு அவன்மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

சடையன் சோறு ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணத் தொடங்கினான்.