கை தெரியுமா

முத்துச்செல்விக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை. லைனின் கடைசியில் உட்கார்ந்து, முடிந்து வருகிற போன்களில் சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். இரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். குன்றத்தூரில் ஐந்து பெண்களாகச் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தார்கள். கம்பெனி பஸ் அங்கே கோயில் மலையடிவாரத்துக்கே வந்து ஏற்றிக்கொள்ளும்.

ஊர் நாங்குநேரிக்குப் பக்கம். அங்கே அம்மா செல்லம்மாளும் தங்கை பூமாரியும் இருந்தார்கள். பூமாரிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் தங்கி எட்டாவது வரை படித்தாள். அப்புறம் அப்பா இறந்துபோனார். பீடி சுற்ற இன்னும் இரண்டு கை வேண்டும் என்று அம்மா அவளை வீட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே அக்காவும் தங்கையும் தங்களுக்குள் ஒரு கைப்பேச்சு வைத்திருந்தார்கள். சோறு, தண்ணீர், வா, போ, இந்த அளவுக்குத்தான் அம்மாவுக்குப் புரியும். மீதியெல்லாம் அவர்கள் இருவருக்கு மட்டும். பொய் சொல்கிறாள் என்பதற்கு ஒன்று, சும்மா சொன்னேன் என்பதற்கு ஒன்று. மனசு சரியில்லை என்றால் இரண்டு விரலை நெஞ்சில் வைத்து லேசாகத் தேய்ப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ அரிக்கிறது போலிருக்கும்.

முத்துச்செல்வி வேலைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மாதான் பேசுவாள். "பூமாரி பக்கத்துலதான் நிக்கா. உன்னக் கேட்டா" என்பாள். அம்மாவின் போனில் தமிழ் எழுத்து கிடையாது, ஆங்கிலம் பூமாரிக்கு வராது. கடிதம் போட்டால் ஐந்தாறு வார்த்தை இருக்கும். அக்கா. மழை. ஆடு குட்டி. வா. எல்லாக் கடிதத்திலும் கடைசியில் அந்த 'வா' இருக்கும். அதனால் முத்துச்செல்வி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நடுநடுவே அம்மாவின் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். ஒரு தடவை அடித்து நிற்கும். அது பூமாரி. நினைத்துக்கொண்டேன் என்று அர்த்தம்.

லைனில் பக்கத்தில் உட்காருகிற ரத்னாதான் முதலில் அந்த யோசனையைச் சொன்னாள். அவள் வாலாஜாபாத் பக்கம், கல்யாணமானவள்.

"எங்க நாத்தனார் புருஷன் துபாய்ல கீறாரு. கம்ப்யூட்டர்ல மூஞ்சியப் பாத்துகினு தான் பேசிக்கிறாங்க. இப்ப சின்னதா, நோட்டு சைசுல ஒண்ணு வந்துகீது செல்வி. நெட்புக்காம். பெரிய லேப்டாப்புல பாதி வெலதான். உன் தங்கச்சிக்கு ஒண்ணு வாங்கிக் குடேன்."

"அவளுக்கு ஓட்டத் தெரியணும்லாக்கா."

"தெரியாம இன்னா? எட்டாவது படிச்ச பொண்ணு. நீ இங்க பிரவுசிங் சென்டர்ல குந்திகினு பேசு. அவ வூட்டுலருந்தே பேசட்டும்."

2010 ஏப்ரலில், சம்பளம் வந்த மறுநாள், இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலிருந்த பாண்டுரங்கன் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். கண்ணாடி மேசைமேல் இரண்டு நெட்புக் திறந்திருந்தது.

"இன்னாம்மா பண்ணப்போற இதுல? படிக்கிறதுக்கா, படம் பாக்கவா?" என்று பாண்டுரங்கன் கேட்டார்.

"கேமராவுல கை தெரியுமாண்ணே?"

"கையா? மூஞ்சி நல்லாத் தெரியும்மா."

"மூஞ்சி வேண்டாம். கைதான் தெரியணும். ஆட்டுனாலும் தெரியணும்."

அவர் ரத்னாவைப் பார்த்தார். ரத்னா விஷயத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகு பாண்டுரங்கன் பொறுமையாகவே எல்லாவற்றையும் காட்டினார். இரண்டிலும் சிடி போட முடியாது. பட்டன்கள் பொடிசு. நாலு காரியம் சேர்ந்தாற்போலச் செய்தால் திணறும். அதெல்லாம் முத்துச்செல்விக்குப் பொருட்டாக இல்லை. முதல் நெட்புக்கின் முன் கையை ஆட்டிப் பார்த்தாள். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. ஆனால் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கினால் அதிகம். இரண்டாவதில் பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும். அதன்முன் கையை ஆட்டினால், ஈரக் கையால் கண்ணாடியைத் துடைத்தது போல ஓர் இழுப்புதான் தெரிந்தது.

"கை தெரியணும்னா இது. கரண்ட் அடிக்கடி போற ஊருன்னா அது. ரெண்டும் ஒண்ணுலயே வேணும்னா பெரிய லேப்டாப்புக்குப் போவணும். இல்லாங்காட்டி ஆறு மாசம் பொறு, புது மாடல் வரும்" என்றார்.

ஊரில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று முத்துச்செல்வி வெளியே வந்தாள்.

அவள் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவள் இல்லை. அறையில் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது என்று எழுதினாள். விரல் தெரியும். கரண்ட் இல்லாவிட்டால் பாதிப் பேச்சில் நின்றுவிடும். மறைத்துவைக்க முடியும், சின்னது. விழுந்தால் உடைந்துவிடும். நெட்டுக்குப் போடுகிற டேட்டா கார்டுக்கு ஊரில் சிக்னல் கிடைக்குமா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படம் போடச் சொல்லி வருவார்கள். அம்மா திட்டுவாள். அடுத்த ஞாயிறு அழித்து எழுதினாள். மே போயிற்று, ஜூன் போயிற்று. இரண்டு தடவை மறுபடி கடைக்குப் போய்க் கையை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஜூலையில் ஒரு ஞாயிறு அம்மா புதுச் செய்தி சொன்னாள்.

"பூமாரிக்கு ஒரு எடம் வந்திருக்கு. திசையன்விளையில பலசரக்குக் கட வச்சிருக்காரு, சுடலைக்கண்ணுன்னு பேரு. முப்பத்தெட்டு வயசு. மொதத் தாரம் காய்ச்சல்ல போய்ட்டு. பிள்ள குட்டி இல்ல. காது கேக்காட்டி என்ன, குடும்பம் பாத்தாப் போதும்னுட்டாரு. மூத்தவ நீ இருக்கியேன்னு பாத்தா இந்த எடம் கைய விட்டுப் போயிரும்."

"அவ என்ன சொல்லுதா?"

"என்னத்தச் சொல்லுவா? தலைய ஆட்டிட்டா."

"எப்படி ஆட்டுனா? மேலயும் கீழயுமா, பக்கவாட்டுலயா?"

"இது என்னட்டி கேள்வி? சம்மதந்தான்."

முத்துச்செல்வி மேற்கொண்டு கேட்கவில்லை. அம்மா சொன்னதை நம்புவது சுலபமாக இருந்தது. ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து போனை எடுத்தாள். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அம்மாவின் நம்பரிலிருந்து பதினொரு மிஸ்டு கால் இருந்தது. பஸ்ஸுக்குக்கூடப் போகாமல் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள்.

"சார்ஜ் போட்டு வச்சிருந்தேன். எடுத்து அமுக்கி அமுக்கி வெளாண்டிருக்கா. கல்யாணப் பொண்ணுல்லா, உன்னத் தேடுதோ என்னமோ" என்றாள் அம்மா.

மறுநாளே முத்துச்செல்வி பாண்டுரங்கன் கடைக்குப் போனாள். விரல் தெரிகிற நெட்புக் விற்றுத் தீர்ந்திருந்தது. அந்த மாடல் இனிமேல் வராது என்றார். ஆறு மணி நேரப் பேட்டரி இருந்ததை எடுத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் லீவு கிடைத்தது. வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பூமாரி அவளைக் கையைப் பிடித்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். போன வேகத்திலேயே அவளுடைய கைகள் சொல்லத் தொடங்கிவிட்டன.

வேண்டாம் என்று அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். உன்னைக் கூப்பிட்டேன். எத்தனை தடவை கூப்பிட்டேன். உனக்குத் தெரியவில்லையா?

முத்துச்செல்வி அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள். செல்லம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆமா, வேண்டாம்னுதான் சொன்னா. எனக்கு அந்த அளவுக்குப் புரியும். நான் போயிட்டா அவள ஆரு பாப்பா? நீ பாப்பியா? நீயே இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்க வேலையில கெடக்க. பாப்பேன்னு சொல்லு, இப்பவே பந்தலப் பிரிச்சிருதேன்."

 முத்துச்செல்வி காண்ட்ராக்ட் தொழிலாளி. அறையில் ஐந்து பேர். ஆறாவது ஆள் வந்தால் வீட்டுக்காரர் வெளியேறச் சொல்வார். பகலெல்லாம் பூமாரி தனியாக எங்கே இருப்பாள்? பத்திரிகை ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே கொட்டகைக்குத் திரும்பினாள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றது பூமாரியின் கை. நானும் போன் வேலை செய்வேன். என் கை வேகமாக வேலை செய்யும்.

முத்துச்செல்வி பையிலிருந்து நெட்புக்கை எடுத்தாள். இது உனக்கு. ஒவ்வொரு ஞாயிறும் இதில் என்னைப் பார்க்கலாம். கஷ்டம் என்று ஒரு தடவை சொல், வந்துவிடுவேன் என்று கையால் சொன்னாள். சொல்லும்போதே, அவள் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பூமாரி நெட்புக்கைப் பார்க்கவில்லை. வெகுநேரம் அக்காவின் முகத்தையே பார்த்தாள். அப்புறம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சுடலைக்கண்ணு கெட்டவர் இல்லை. டேட்டா கார்டு அவரே வாங்கிப் போட்டுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கடையிலிருந்து வந்து நெட்புக்கைப் போட்டுவிட்டு, "மதினி, சௌக்கியமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடுவார். குன்றத்தூர் பிரவுசிங் சென்டரில், பலகை அடித்த சின்னத் தடுப்புக்குள் உட்கார்ந்து முத்துச்செல்வி தங்கையைப் பார்ப்பாள்.

படம் விட்டு விட்டு வரும். வேகமாகப் பேசினால் கை புகையாகிவிடும். அதனால் இருவரும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போலப் பெரிதாகவும் மெதுவாகவும் பேசப் பழகினார்கள். சாப்பிட்டாயா. வெயில். கடையில் கூட்டம். பூமாரி புதுப்புடவையைக் காட்டுவாள். ஒருமுறை, இங்கே யாரும் என் கையைப் பார்ப்பதில்லை, தோளைத் தட்டி வேலையைக் காட்டுகிறார்கள் என்று சொன்னாள். போகப்போகப் பழகும் என்று முத்துச்செல்வி பதில் சொன்னாள். பேச்சு முடிகிறபோதெல்லாம் பூமாரி தாலிச் செயினைச் சரிசெய்வது போலக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோவாள். முத்துச்செல்வி தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவாள்.

சித்திரையில் வளைகாப்புக்குத் திசையன்விளை போனாள். சடங்கு முடிந்து வந்தவர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கையில் வளையல்களோடு பூமாரி அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறாய் என்று முத்துச்செல்வி கேட்டாள். பூமாரி இரண்டு விரலைத் தாலிச் செயினுக்குப் பக்கத்தில் வைத்து லேசாகத் தேய்த்தாள்.

 எட்டு மாதமாக முத்துச்செல்வி ஞாயிறுதோறும் பார்த்த அசைவு அது.

இதை அங்கிருந்தும் சொன்னாயா என்று கேட்டாள்.

எப்போதும் சொன்னேன். நீ சரி என்று தலையை ஆட்டினாய்.

படத்தில் தெரியவில்லை, விரல் தெரியவில்லை என்று முத்துச்செல்வியின் கை பதறிப் பதறிச் சொன்னது. இலை போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி நின்று வேடிக்கை பார்த்தாள். முத்துச்செல்வி அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது வா. என்னோடு வா. வேறு வீடு பார்க்கிறேன்.

பூமாரி தன் வயிற்றின்மேல் கையை வைத்தாள். தலையை ஆட்டினாள், பக்கவாட்டில். கோபமாக இல்லை. பிறகு ஏதோ ஒன்றைச் சின்னதாக, வேகமாகச் சொன்னாள். மெதுவாகப் பேசியே பழகிவிட்ட முத்துச்செல்விக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல் என்று கேட்டாள். பூமாரி சிரித்துவிட்டு, ஒன்றுமில்லை, சாப்பிடு என்று இலையைக் காட்டினாள்.

ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. நெட்புக் சுடலைக்கண்ணுவின் பலசரக்குக் கடைக்குப் போய்விட்டது; மத்தியானத்தில் அவர் அதில் படம் பார்த்தார். சில ஞாயிறு வரும், சில ஞாயிறு வராது. ஐப்பசியில் மழை பிடித்த ஒரு ஞாயிறு அது வீட்டுக்கு வந்தது. பூமாரி குழந்தையைத் தூக்கிக் கேமரா முன்னால் காட்டினாள்.

முத்துச்செல்வி தன்னை மறந்து, "ஏ பிள்ள, என் தங்கம்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

குழந்தை சட்டென்று நெட்புக் பக்கம் திரும்பியது.

குழந்தைக்குக் காது கேட்கிறது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் பூமாரி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி பேசு என்று மெதுவாகக் காட்டினாள். முத்துச்செல்வி பேசினாள். குழந்தை மறுபடி திரும்பியது, கையைக் காலை உதைத்தது. பூமாரியின் முகம் மலர்ந்தது. கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு குழந்தையைப் பாயில் கிடத்தி, நெட்புக்கை அதன் முகத்துக்கு நேரே நகர்த்தி வைத்தாள். நகர்த்தியதில் அவள் படத்திலிருந்து வெளியே போய்விட்டாள்.

"பூமாரி" என்று முத்துச்செல்வி கூப்பிட்டாள். அது அவளுக்குக் கேட்காது. கையை ஆட்டினாள். அதைப் பார்க்க அந்தப் பக்கம் குழந்தை மட்டும்தான் இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பேசத் தொடங்கினாள். குன்றத்தூரில் மழை பெய்வதைச் சொன்னாள், காலையில் இட்லி சாப்பிட்டதைச் சொன்னாள், உன் அம்மைக்கு ஆட்டுக்குட்டி என்றால் உயிர் என்று சொன்னாள். நிறுத்தினால் குழந்தை சிணுங்கியது. அதனால் நிறுத்தாமல், அது கண்ணயரும்வரை பேசிக்கொண்டேயிருந்தாள்.