எண்பதில் பூட்டிய ரெஞ்ச்

ஒரே மாதத்தில் ஐந்து போல்ட் ஒடிந்துவிட்டது. ஐந்தும் என் மச்சினன் முடுக்கியவை. பம்ப் பழுது பார்க்கும் எங்கள் பட்டறையில் இன்னும் ஆறு ஃபிட்டர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையில் ஒன்றுகூட ஒடியவில்லை. சூப்பர்வைசர் நான் சந்தேகப்படாமல் என்ன செய்வேன்?

மனைவியின் தம்பி என்பதால் நான்தான் அவனைச் சேர்த்துவிட்டேன். நாலு வருஷமாகிறது. முதல் நாளிலிருந்தே அவன்மேல் எனக்கு ஒரு கண். திட்டினாலும் சிரிக்கிறவனை எப்படி நம்புவது? "உங்க கண்ணுக்கு அவன் நின்னாலும் குத்தம், உட்கார்ந்தாலும் குத்தம்" என்பாள் மனைவி. "உன் தம்பி ஊமைக் குசும்பன்" என்று வாயை அடைத்துவிடுவேன்.

போன மாதம் அவன் லீவு கேட்டு நான் தரவில்லை. அந்த வாரம்தான் முதல் போல்ட் ஒடிந்தது. இது போதாதா? இன்று காலை மேனேஜரிடம் கடிதம் கொடுத்தேன். வேண்டுமென்றே ஒடிக்கிறான், வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்று எழுதியிருந்தேன். மதியத்துக்குள் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

அதற்குள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் வீட்டில் பதில் சொல்ல வசதியாக இருக்கும். பெயின்ட் டின்களை அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இந்த வயசில் கண்ணாமூச்சி விளையாட்டு.

அவன் போல்ட்டைத் துடைத்தான். எண்ணெய் ஒரு சொட்டுதான் வைத்தான். டார்க் ரெஞ்சை மாட்டி மெதுவாக இழுத்தான். குறித்த இறுக்கம் வந்ததும் அது 'டிக்' என்று சொல்லும், அதற்குமேல் இழுக்கக் கூடாது. 'டிக்' வரவில்லை. அவன் அவசரப்படாமல் இழுத்துக்கொண்டே இருந்தான். பொட்டென்று போல்ட் தலை தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது.

அதைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவன் திடுக்கிடவில்லை.

"நீங்க வச்ச அளவுதான் அத்தான். நான் தொடவே இல்ல."

பொய் சொல்லவில்லை. மற்றவர்கள் அவரவர் ரெஞ்சை அவர்களே அளவு வைத்துக்கொள்வார்கள். இவனை நம்ப முடியாது என்று இவனுக்கு மட்டும் நானே எண்பதில் வைத்துப் பூட்டிக் கொடுப்பேன். வரைபடத்தில் இருப்பதும் எண்பதுதான். பூட்டை இவன் கழற்றியிருப்பானோ? சரிபார்க்க வேண்டும்.

நான் இடக்கைக்காரன். இடக்கையில் ஒடிந்த போல்ட் இருந்ததால் ரெஞ்சை வலக்கையில் வாங்கினேன். பூட்டு அப்படியேதான் இருந்தது. ஆனால் அளவு நூற்றெட்டு என்றது. பக்கத்தில் பொடி எழுத்தில் 'நியூட்டன் மீட்டர்'.

ரெஞ்சைத் திருப்பினேன். மறுபக்கம் எண்பது, 'அடி பவுண்டு'. போன மாதம் வந்த புது ரெஞ்சில் இரண்டு பக்கமும் இரண்டு அளவு. இடக்கையில் பிடித்தால் அடி பவுண்டுப் பக்கம் மேலே வருகிறது. வரைபடம் கேட்டது நியூட்டன் மீட்டர். ஒரு மாதமாக எண்ணை மட்டும் பார்த்து, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூட்டிக் கூட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"என்ன அத்தான், உடம்புக்கு முடியலையா?"

"வா என்கூட" என்று மாடிக்கு ஓடினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மேனேஜர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி, கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

அவர் ரெஞ்சை இரண்டு பக்கமும் பார்த்தார். "எல்லாருக்கும் நீங்கதான் செட் பண்றீங்களா?"

"இல்ல சார். இவனுக்கு மட்டும்."

"ஏன் இவனுக்கு மட்டும்?"

மேஜைமேல் என் கடிதம் விரித்தபடி கிடந்தது. என் பக்கத்தில் நின்றிருந்த மச்சினன் அதைப் படித்துவிட்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. முதல் முறையாக அவன் சிரிக்கவில்லை.

"நான் புதுசு இல்லையா சார்," என்றான், "அதான் அத்தான் பார்த்துப் பார்த்துச் செஞ்சு குடுக்கறாரு."